பெப்டைடு அண்ணாச்சி

தும்மல் கேட்ட திசையில் செந்தூர்வேல் அண்ணாச்சி அதற்குள் பாதி தூரம் போய்விட்டார். தூத்துக்குடி ரோச் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிற மற்றவர்களெல்லாம் கடலைப் பார்த்தபடி நடப்பார்கள். அண்ணாச்சி மனிதர்களின் மூக்கைப் பார்த்தபடி நடப்பார். அன்றைக்குத் தும்மியவர் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. அடுத்த தும்மலுக்கு அவர் கைக்குட்டையை எடுக்குமுன் அண்ணாச்சியின் பச்சைப் பை திறந்துவிட்டது, ஃப்ளாஸ்க் வெளியே வந்துவிட்டது, மூடி நிறையக் கம்பங்கஞ்சி ஊற்றியாகிவிட்டது.

"குடியும் வே. தும்மலை அடக்காதேயும். உள்ள சண்டை நடக்கு. இந்த நேரத்துல நாம ஆள் அனுப்பணும்."

"என்ன ஆளு அண்ணாச்சி?"

"பெப்டைடு."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய கண்கள் பாதி மூடிக்கொள்ளும். திருச்செந்தூர் முருகனைச் சொல்லும்போதுகூட அவ்வளவு மூடாது. அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அண்ணாச்சி. குடித்துவிட்டார்.

கஞ்சிக்குத்தான் காசு, விளக்கம் இலவசம். "புரதம்னா பெரிய சங்கிலி வே. கம்புல, கேப்பையில, குதிரைவாலியில எல்லாம் கெடக்கு. அதை முளைகட்டுனா சங்கிலி அறுந்து துண்டு துண்டாப் போவும். அந்தத் துண்டுக்குத்தான் பெப்டைடுன்னு பேரு. துண்டு ஒவ்வொண்ணும் ஒரு போலீஸ்காரன். ஒடம்புக்குள்ள எறங்கி ரோந்து சுத்துவான். கிருமி வந்துச்சுன்னா லத்தியை எடுப்பான்."

"அப்போ இட்லியில இல்லையா?"

"இட்லியில இருக்கவன் ஹோம்கார்டு."

இப்படி உடனுக்குடன் பதில் சொல்கிற ஆற்றல் அவருக்குக் கடையில் வந்தது. தெப்பக்குளம் பக்கம் அப்பா விட்டுப்போன அரிசிக்கடை. வாழ்நாளில் பெரும்பகுதி, கண்ணாடி போல் பட்டை தீட்டிய வெள்ளை அரிசியை விற்றே அவர் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்தார், அவளைக் கட்டிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் யாராவது வந்து கம்பு இருக்கிறதா என்று கேட்டால், "வீட்ல குருவி வளக்குதீரா?" என்று கேட்பார். தவிட்டைத் தீவனத்துக்கு அனுப்பிவிட்டு, அரிசியின் வெண்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். இப்போது அதே வாய் அதே கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வெள்ளை அரிசியை "நஞ்சு" என்கிறது. நஞ்சு உள்பக்கம் மூட்டையில் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவார்.

இந்த ஞானம் வந்தது கொரோனா காலத்தில். ஊரடங்கில் கடை ஈயடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் அனுசியா, அப்பா மனம் தளர்ந்திருக்கிறாரே என்று, போனில் கண்ணில் பட்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையை அனுப்பிவைத்தாள். தானியங்களிலுள்ள பெப்டைடுகள் நோய் எதிர்ப்பைக் கூட்டுகின்றன என்று தலைப்பு. 'உங்க கம்புல என்னமோ இருக்காம்ப்பா' என்று கீழே ஒரு வரியும் சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாள். பொம்மையை அவர் கவனிக்கவில்லை. கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்து, ஊரடங்கு தளர்ந்ததும் கடைக்கு வந்த ஆங்கில வாத்தியார் நேசக்குமாரை மடக்கினார். வாத்தியார் நின்றபடியே இரண்டு பத்தி படித்து, "எதிர்ப்புச் சக்தி கூடும்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி" என்று சொல்லும்போது சாயர்புரம் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டார். மீதியைப் படிக்க வேண்டிய அவசியம் அண்ணாச்சிக்குத் தோன்றவில்லை.

கட்டுரை இப்போது லேமினேட் ஆகி, கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டுக்கும் சேர்த்தே சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். கட்டுரை எழுதியவர்களுக்கு இந்த மரியாதை நடப்பது தெரியாது.

அண்ணாச்சியிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. அவர் கடையில் விற்கிற கம்பு மாவைக் கரைத்துக் குடித்தவனுக்குக் காய்ச்சல் விட்டால் பெப்டைடு வேலை செய்தது. காய்ச்சல் விடாவிட்டால், "அவன் காப்பி குடிச்சிருப்பான்." குடிக்காதவன் நன்றாக இருந்தால், "அவன் தாத்தா கம்பு தின்னாரு, அந்த ஸ்டாக்கு ஓடுது." அவருக்கே மார்கழி முழுக்கச் சளி. அதைச் சளி என்று யாரும் சொல்லக்கூடாது, "உள்ள பயிற்சி நடக்கு" என்பார். காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தொடமாட்டார். அவருடைய மனைவி சீனித்தாய் அதிகம் பேசாதவர். மாத்திரையைப் பொடித்துக் கம்பங்கஞ்சியில் கலக்கிக் கொடுத்துவிடுவார். மறுநாள் எழுந்து, "பாத்தியாளா பெப்டைடை!" என்று அண்ணாச்சி மார்தட்டுவார். "ஆமா, பாத்தேன்" என்று சீனித்தாய் பாத்திரம் கழுவப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டால் அந்த வீட்டில் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

இவ்வளவு பேசுகிற மனிதருக்கு ஒரு பழைய காயம் உண்டு. அது சேனை பற்றியது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பெயர். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஆளை யோசித்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சியின் சொந்தத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஒரு பிள்ளைக்குக்கூட அவரைக் கூப்பிட்டதில்லை. "அவுக வச்சா பிள்ளை தொட்டில்லயே பேச ஆரம்பிச்சிரும்" என்று பெண்கள் அடுப்படியில் சிரிப்பது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருடைய சொந்த மகளுக்கே சேனை வைத்தது சீனித்தாயின் அண்ணன் பாண்டித்துரை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டால் மட்டும் பேசுகிறவர், கேட்டாலும் பாதிதான் பேசுகிறவர். குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அவருடைய விரலைச் சப்பியே உலகத்துக்குள் வந்தார்கள். யாராவது பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் உடனே, "பாண்டித்துரை மாமா சேனைல்லா" என்பார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி சிரித்துவைப்பார். உள்ளுக்குள் வலிக்கும்.

ஆகவே அனுசியா தலைப்பிரசவத்துக்குத் தூத்துக்குடி வந்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். பேரனோ பேத்தியோ, சேனை வைக்கப்போவது தாத்தாதான். அதுவும் சர்க்கரைத் தண்ணீர் கிடையாது. முளைத்த கம்பை ஊறவைத்து அரைத்து வடித்த தெளிவு. பிள்ளை கண் திறக்கும்போதே உள்ளே போலீஸ் ஸ்டேஷன் திறந்தாகிவிடும். பூங்காவில் ஒவ்வொருவரையும் நிறுத்தி இதை அறிவித்தார். "நாளைக்கு ஒலகமே இதைத்தான் செய்யப்போவுது. மொத ஆளு நம்ம வீட்டுப் பிள்ளை."

"அப்பா, பிள்ளை வாயில எதையும் வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க" என்றாள் அனுசியா.

"எதையும்னா மத்ததைச் சொல்லிருப்பாவ."

"நான் ஏன்தான் அந்தக் கட்டுரையை அனுப்புனேனோ!"

"நீ அனுப்பலம்மா. முருகன் அனுப்புனான்."

மகளுக்குத் தூக்கம் போயிற்று. அப்பா கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும், தன் பிள்ளைக்கு நல்லதென்று நினைத்தே செய்வார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கெட்டவர்களைத் தடுத்துவிடலாம்.

பிள்ளை, குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் முந்திக்கொண்டது. தும்மல் கேட்ட அதே காலை, பூங்காவில் அதிகாரி குடித்த கஞ்சியின் மூடியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சீனித்தாய் போன் செய்தார். விடியுமுன் வலி வந்து, உங்களை எழுப்பினால் ஃப்ளாஸ்க்கோடு வருவீர்கள் என்று சொல்லாமலே மகளை அண்ணனுடைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகவும், ஆண் குழந்தை என்றும், எடை குறைவாக இருப்பதால் தனி அறையில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அண்ணாச்சி நேரே வீட்டுக்குப் போனார். பிள்ளை எப்போது வந்தாலும் இருக்கட்டும் என்று முந்தின இரவே வடித்து வைத்திருந்த கம்புத் தெளிவைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் கடையை அரைக்கதவு திறக்கச் சொல்லி, சுவரிலிருந்து கட்டுரையையும் கழற்றிக்கொண்டார்.

பாளை ரோட்டிலிருந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பாண்டித்துரை உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் அண்ணாச்சிக்குத் திக்கென்றது.

"வச்சாச்சா?" என்றார் எடுத்த எடுப்பில்.

பாண்டித்துரை தலையை இடம் வலமாக ஆட்டினார். "யாரையும் விடல மாப்பிள்ளை" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. பிள்ளைகளுக்கான டாக்டர் ஈவாஞ்சலின் அறைக்குள் கட்டுரையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு நுழைந்தார். டாக்டரம்மா நாசரேத்துக்காரர். வாத்தியார் குடும்பம், அதனால் யாரையும் உட்கார வைத்துத்தான் திட்டுவார்.

"உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளை நாள் முந்தி வந்திருக்கு. வயிறு இன்னும் தயாராகல. தாய்ப்பாலைத்தான் சொட்டுச் சொட்டா டியூப்ல குடுக்கோம். வேற எதுவும் கூடாது. சேனை கீனைன்னு யாராவது கை வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"இது சேனை இல்லம்மா. விஞ்ஞானம்." கட்டுரையை மேசைமேல் வைத்தார். மேலே சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

டாக்டர் பொட்டைத் தாண்டிப் படித்தார். வேகமாகப் படித்தார், சாயர்புரம் பஸ் எதுவும் குறுக்கே வரவில்லை. "இதுல யாரு குடிச்சிருக்கான்னு பாத்தீங்களா?"

"யாரு?"

"எலி. அதுக்கு முன்னால கண்ணாடித் தட்டுல வச்சிருந்த எலியோட செல்லு. மனுஷங்களுக்குக் குடுத்து இன்னும் பாக்கணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. நல்ல ஆராய்ச்சிதான், நான் குறை சொல்லல. ஆனா எலிக்குப் பிறந்த குட்டி இல்லையே உங்க பேரன்?"

"எலிக்கே வேலை செய்யுதுன்னா மனுஷனுக்குச் செய்யாதா?"

"எலி சாக்கடைத் தண்ணியும் குடிக்கும் அண்ணாச்சி. குடுப்பீங்களா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். டாக்டர் விடவில்லை.

"உங்களுக்குப் போலீஸ்தானே வேணும்? தாயோட மொதப் பாலு மஞ்சளா வருது பாருங்க, சீம்பால், அதுல எஸ்.பி.யே வந்து உக்காந்திருக்காரு. நீங்க கம்பைக் கொண்டு வந்து அவரை எழுப்பி விட்டுட்டு ஏட்டை உக்கார வைக்கப் பாக்கீங்க."

"ஒரே ஒரு சொட்டுதான் டாக்டரம்மா."

"அந்தச் சொட்டுல கிருமி இருந்தா குடல் வீங்கிரும். இந்த எடையில பிள்ளையைப் பிழைக்க வைக்கது கஷ்டம்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கவுன் மாட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்கத்தான் அனுமதி."

அண்ணாச்சி எழுந்து வந்தார். பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. படித்தவர்கள் பயமுறுத்துவது வழக்கம், அதற்குத்தானே ஃபீஸ் வாங்குகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். கையைக் கழுவினார். பச்சை கவுனை மாட்டிக்கொண்டார். கவுனுக்குள்ளே, சட்டைப் பையில், புட்டி இருந்தது.

உள்ளே நர்ஸ் விஜிலா அவரைப் பிள்ளைக்குச் சூடு கொடுக்கிற ஒரு விளக்கின் அருகே கூட்டிப்போய், "இதுதான் உங்க பேரன், தொடாதீங்க" என்றாள். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். எடை போட்டே வளர்ந்த கண் அவருடையது. இரண்டு கிலோ இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மூக்கில் ஒரு குழாய். கால் பெருவிரலில் ஏதோ ஒரு சிவப்பு விளக்கு. விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வெளியே வந்தன. தாடை அவருடைய தாடை.

பக்கத்து விளக்கின்கீழ் இருந்த பிள்ளையின் இயந்திரம் கத்தத் தொடங்கியது. விஜிலா அங்கே ஓடினாள். அவளுடைய முதுகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பியிருந்தது.

பிள்ளை வாயைத் திறந்தது. கொட்டாவி. உள்ளே குட்டி நாக்கு தெரிந்தது. ஊரிலுள்ள பாண்டித்துரைகள் யாரும் இன்னும் தொடாத நாக்கு. அண்ணாச்சி கவுனுக்குள் கையை விட்டுப் புட்டியை எடுத்தார். மூடியைக் கட்டைவிரலால் தள்ளினார். சுட்டுவிரலை உள்ளே விட்டு நனைத்தார்.

விரலை வெளியே எடுத்தபோது வாசனை வந்தது. லேசான புளிப்பு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணாச்சிக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்த மூட்டை அவருக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில், மேலூரில் அவர் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. தெருத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், உப்பளத்துப் பக்கமிருந்து வந்த தண்ணீர் எல்லாம் கலந்து முழங்கால்வரை நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அடி அடுக்கிலிருந்த கம்பு மூட்டைகள் சாக்குக்குள்ளேயே முளைத்திருந்தன. வேறொருவனாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். அண்ணாச்சி மொட்டைமாடியில் காயப்போட்டார், செத்த எலிகளைப் பொறுக்கி எறியச் சொன்னார், வறுத்து அரைத்தார். பொட்டலத்தில் "இயற்கை முளைப்பு" என்று ஒட்டினார். ஒட்டும்போது அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும், பெரிய ஆட்களின் வயிறு தாங்கும் என்று நினைத்தார். அவரும் அதைத்தான் குடித்தார். புட்டியில் இருந்ததும் அதே மூட்டைக் கம்புதான். இது வறுக்காதது.

நனைந்த விரல் பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பெப்டைடு என்ற சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். கண் மூடவில்லை. அந்தச் சொல் எங்கேயோ ஒளிந்துகொண்டுவிட்டது, கிட்டங்கிதான் கண்முன் நின்றது. அண்ணாச்சிக்குப் பயம் வந்தது. மெய்யான பயம்.

விரலைக் கவுனில் துடைத்தார். மறுபடி துடைத்தார். புட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பாத்துட்டேம்மா" என்று விஜிலாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சீனித்தாய் கதவோரம் நின்று கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. சீனித்தாயின் கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடியை விட்டுவிட்டு, மகளிடம் போனார்.

அண்ணாச்சி வராந்தாவின் கோடியிலிருந்த குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அண்ணாச்சி! நீங்களா! சாமி கூப்பிட்ட மாதிரி வந்து நிக்கீங்க!"

துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி ஓட்டும் சுடலைராஜ். அண்ணாச்சியின் மாவுக்கு நிரந்தர வாடிக்கை. பெங்களூருக்கு லோடு போகும்போதுகூட பொட்டலத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு போகிறவன், வழியில் டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் பெப்டைடு பாடம் நடத்துகிறவன். கையில் ஒரு ஃப்ளாஸ்க் வைத்திருந்தான். தலை கலைந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பொம்பளப்பிள்ளை அண்ணாச்சி. விடியக்காலம் பிறந்துச்சு. கீழ வார்டுலதான் இருக்கு, தாயும் பிள்ளையும் சுகம். எங்க மாமா சேனை வைக்கேன்னு வந்து நிக்காரு. நான் பொறும்னுட்டேன். கான்டீன்ல வெந்நி வாங்கி நம்ம கம்பு மாவைக் கரைச்சு வடிச்சு வச்சிட்டேன். பார்க்குல நீங்க சொன்னதை நான் மறக்கல." ஃப்ளாஸ்க்கை உயர்த்திக் காட்டினான். "உங்க வீட்டுலயும் பிள்ளை பிறந்தாச்சு போல. பேரப்பிள்ளைக்கு வச்சிட்டீங்கள்லா?"

அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அப்படியே எம்பிள்ளைக்கும் நீங்களே வச்சிருங்க அண்ணாச்சி" என்றான் சுடலைராஜ். குரல் திடீரென்று தணிந்துவிட்டது. "நானு பேசத் தெரியாதவன். ஹார்பர் கேட்ல சூப்பர்வைசர் வைதாக்கூட வாயை மூடிட்டு நிப்பேன். எம்பிள்ளை அப்படி ஆவக்கூடாது. உங்களை மாதிரி வரணும். தைரியமா, நாலு பேரை நிறுத்திப் பேசுத மாதிரி. அதுக்குத்தான் கேக்கேன்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த அழைப்பு! அத்தை மகன் கூப்பிடவில்லை, சித்தப்பா மகள் கூப்பிடவில்லை, சொந்த மகளே கூப்பிடவில்லை. உங்கள் குணம் என் பிள்ளைக்கு வேண்டும் என்று ஒரு மனிதன் ஃப்ளாஸ்க்கும் கையுமாக நின்று கேட்கிறான். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வராந்தாவின் அந்தக் கோடியில் பாண்டித்துரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் மனதில் ஓடியது. போய் ஒரு விரல் தொட்டு வைத்தால் போதும், நாளைக்கு ஊர் முழுக்க அந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.

"அந்த மாவு எப்போ வாங்குனது?" என்றார்.

"நேத்து. புதுசு அண்ணாச்சி. இயற்கை முளைப்பு."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அது பிள்ளைக்குள்ளது இல்ல வே" என்றார். "பெரிய ஆட்களுக்குள்ளது. பிள்ளைக்குன்னு தனியா ஒரு ரகம் வருது. கோயம்புத்தூர்ல சொல்லிருக்கேன். ஸ்டாக் இன்னும் வரல."

இந்த இடத்திலும் அவர் வியாபாரியாகவே இருந்தார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை, புதுச் சரக்கு ஒன்றைத்தான் பிறப்பித்தது.

"அப்ப ஒண்ணும் வைக்காம இருக்கவா?"

"தாய்ப்பாலு குடு. அது மட்டும் குடு. ஒங்க மாமா, நானு, யாரும் கை வைக்கக்கூடாது. கேட்டியா?"

"சரி அண்ணாச்சி. ஆனா வடிச்சது வடிச்சாச்சு. சும்மா நீங்க ஒரு விரல் தொட்டு, பேருக்கு..."

செந்தூர்வேல் அவன் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கினார். மூடியைத் திருகித் திறந்து குழாயடித் தொட்டியில் கவிழ்த்தார். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று சுடலைராஜ் கையை நீட்டிக்கொண்டே நின்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடியில் மாவு தங்கியிருந்தது. குழாயைத் திறந்து உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடியும் குழாயைத் திறந்தார்.